மோக்லியின் இரு முடிவுகள்

பழைய கதையைப் புதிய படமாக எடுப்பது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். நம் நாட்டிலும் ஒரே புராணக் கதை எத்தனை முறை திரைக்கு வந்திருக்கிறது என்று எண்ணப் புகுந்தால் விரல்கள் போதா. பழையதைக் கண்டவர்கள் "அதுபோல் வருமா?" என்பார்கள். புதியதைக் கண்டவர்கள் "அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கண்டு சீர்தூக்கிப் பார்ப்பவர் சிலரே. இவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் அவ்வாறு காணும் வாய்ப்பைப் பெற்றோம். படம் 'ஜங்கிள் புக்'. பழையது 1967ஆம் ஆண்டினது; புதியது 2016ஆம் ஆண்டினது. நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தொழிலோ நாகபுரி இருப்புப்பாதை நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆகவே கலை விமரிசகர் போல் எழுதும் தகுதி நமக்கில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்த ஒரு குடும்பத்தினர் என்ற அளவிலேயே எழுதத் துணிந்தோம்.

இக்கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் காடு நாம் வாழும் இந்நகருக்கு அயலிடம் அன்று. வடக்கே சபல்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் போனால் சிவனி மாவட்டம். அங்கே பெஞ்ச் புலிகள் காப்பகம். மோக்லி விளையாடிய வைன்கங்கை ஆறும் அம்மாவட்டத்தில்தான் பிறக்கிறது. நூலாசிரியர் ரட்யார்டு கிப்ளிங் 1865இல் பம்பாயில் பிறந்தவர். ஆயினும் காட்டுக் கதைகளை அவர் எழுதியது அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பனிக்கு நடுவே. முதல் தொகுதி 1894இலும் இரண்டாம் தொகுதி 1895இலும் வெளிவந்தன. தொலைவில் இருந்துகொண்டு பிறந்த மண்ணை நினைப்பது இன்னதென்று நம் சங்கத்து அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் பழைய படத்தைப் பற்றிச் சொல்வோம். அது கையால் வரைந்த சித்திரப் படம்; ஓடும் நேரம் 78 நிமிடம். இயக்கியவர் வுல்ஃப்கேங் ரைதர்மேன். வால்ட் டிஸ்னி தம் கண்காணிப்பில் உருவாக்கிய கடைசிச் சித்திரப் படங்களுள் ஒன்று அது. 1966 டிசம்பரில் அவர் காலமானார். படம் 1967 அக்டோபரில் வெளியாயிற்று. கதையின் கடுமையைக் குறைத்துப் பாட்டும் சிரிப்புமாக அதை ஆக்கிவிட்டார்கள். பாலு என்னும் கரடி கவலையற்ற சோம்பேறி. யானைகள் வெள்ளைக்காரத் துரையின் பட்டாளம்போல் அணிவகுத்து நடந்து, ஒன்றன்மேல் ஒன்று மோதி விழுகின்றன. லூயி என்னும் குரங்கரசன் ஆடிப் பாடுகிறான். அவன் ஒராங்குட்டான் இனத்தவன். போர்னியோ, சுமத்திரா தீவுகளில் வாழும் அக்குரங்கு மத்திய இந்தியக் காட்டுக்கு எவ்வாறு வந்தது என்று கேட்கக் கூடாது. கிப்ளிங் நூலில் குரங்குகளுக்கு அரசனே இல்லை.

புதிய படம் 106 நிமிடம். இயக்கியவர் ஜான் ஃபாவ்ரோ. மோக்லியாக நடித்த நீல் சேத்தி என்ற சிறுவன், நியூயார்க்கில் வாழும் இந்திய வம்சாவளியினன். திரையில் காணும் புலியும் ஓநாயும் மரமும் மலையும் கணிப்பொறியில் உருவானவை. படப்பிடிப்பு நடந்ததெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அரங்கினுள். அவ்வேலைப்பாட்டுக்காக 2017இல் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஒராங்குட்டான் குறையை இப்படத்தார் உணர்ந்து, ஆசியாவில் பண்டை நாளில் வாழ்ந்து அழிந்துபோன ஒரு மாபெரும் குரங்கினத்தவனாக லூயியை மாற்றியிருக்கிறார்கள். யானைகளும் கோமாளித்தனத்தை விட்டுவிட்டன. அவை வரும்போது மற்ற விலங்குகள் தலை வணங்கி ஒதுங்கி நிற்கின்றன. கா என்னும் மலைப்பாம்புக்கு மட்டும் இரு படங்களிலும் நீதி கிடைக்கவில்லை. நூலில் அது மோக்லியைக் காப்பாற்றிய நண்பன்; படங்களிலோ அவனை விழுங்க வரும் பகை.

இந்தியில் இப்படத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் பெரிய நடிகர்கள். கரடிக்கு இர்ஃபான் கான், கருஞ்சிறுத்தைக்கு ஓம் பூரி, புலிக்கு நானா படேகர். 1993இல் தூர்தர்சனில் ஞாயிறுதோறும் வந்த ஜப்பானியச் சித்திரத் தொடரிலும் புலியின் குரல் நானா படேகருடையதே. ஓம் பூரி 2017இலும், இர்ஃபான் கான் 2020இலும் மறைந்தார்கள். நாம் புதிய படத்தைத் தமிழ் ஒலிப்பதிவிலேயே கண்டோம். நம் பிள்ளைகள் இந்திக்காக முதலில் சிணுங்கினார்கள். பத்து நிமிடத்தில் மொழியை மறந்து கதையில் ஆழ்ந்துவிட்டார்கள்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், ஆறு வயதான நம் மகன் பழையதே என்பான். புதிய படத்தின் புலி அவ்வளவு அச்சந் தருகிறது. 2016இல் நம் நாட்டுத் தணிக்கையினர் அப்படத்துக்கு 'யு/ஏ' சான்றிதழ் அளித்தபோது, குழந்தைப் படத்துக்கா இது என்று பலர் நகைத்தனர். புலி முதன்முறை பாய்ந்தபோது நம் மகன் தன் தாயின் முந்தானைக்குள் புகுந்து, பாட்டு வரும் வரையில் வெளிவராததைக் கண்ட பின்னர், நமக்கு அந்த நகைப்பில் பங்கு கொள்ளத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்பது வயது மகள் கண்ட வேற்றுமை வேறு. அவள் புலியையும் பாம்பையும் விட்டுவிட்டாள். மோக்லி காட்டைவிட்டு ஏன் போகிறான் என்பதையே பிடித்துக்கொண்டாள்.

பழைய படத்தில் நடப்பது இது. ஷேர் கான் திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்ததும், ஓநாய்கள் இரவில் பாறையின்மேல் கூடி ஆலோசிக்கின்றன. பிள்ளை கூட்டத்தோடு இருந்தால் அவனுக்கும் கேடு, கூட்டத்துக்கும் கேடு. அவனை மனிதர் ஊருக்கு அனுப்பிவிடுவதே நலம் என்று முடிவு செய்கின்றன. கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பைக் கருஞ்சிறுத்தை பகீரா ஏற்கிறது. எல்லோரும் அவன்மீது அன்புள்ளவர்களே. வளர்த்த தந்தை ஓநாய் மனம் வருந்தியே இசைகிறது. ஆனால் அக்கூட்டத்தில் மோக்லி இல்லை. புறப்பட்டு வழிநடந்த பிறகே அவனுக்குச் செய்தி தெரிகிறது. போகமாட்டேன் என்று மரத்தைக் கட்டிக்கொள்கிறான்.

புதிய படத்தில் வறட்சி வருகிறது. ஆற்று நீர் வற்றி, அமைதிப் பாறை தலைகாட்டுகிறது. அது தெரியும் வரையில் ஒரு விலங்கு மற்றொன்றைக் கொல்லலாகாது என்பது காட்டின் சட்டம். அங்கே புலி எல்லோர் முன்னும் பிள்ளையைக் கேட்கிறது. ஓநாய்கள் கூடி வாதாடுகின்றன. அவ்வாதத்தின் நடுவே மோக்லியே எழுந்து, தான் போய்விடுவதாகச் சொல்கிறான். வளர்த்த தாய் ரக்ஷா தடுக்கிறாள். பழைய படத்தில் அத்தாய்க்குச் சொல்லத்தக்க பங்கே இல்லை. இங்கோ, எங்கே போனாலும் எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அவன் தன் பிள்ளையே என்று சொல்லி அவள் அவனை விடுகிறாள்.

"அப்பா, பழைய படத்திலே அவனை யாருமே கேட்கவில்லையே!" என்றாள் மகள்.

நாமும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரணத்தை அன்பர்களுக்குச் சொல்லிவிடுவது முறை.

அம்பாசமுத்திரத்துக்கு அண்மையில் உள்ள சிற்றூரில் நம் தாயார் தனியே வாழ்கிறார். தந்தையார் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, பேத்தியிடம் ஒரு திருமண அழைப்பிதழைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாதியில் நிறுத்திவிட்டாள். பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி. தெருவில் மராத்தியும் இந்தியும். தமிழ் வீட்டுப் பேச்சுக்கு மட்டும். தாயார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் வாரந்தோறும் இரவில் தொலைபேசியில் அதே பேச்சு. "பிள்ளையை இங்கே விட்டுவிடு ஐயா. ஐந்தாம் வகுப்பை இங்கே படிக்கட்டும். நாலு எழுத்துத் தெரியாமல் அயலூர்ப் பிள்ளையாகவே போய்விடுவாள். எனக்கும் ஒரு துணையாயிற்று."

இதில் பிழை காண ஒன்றுமில்லை. தமிழ் எழுத்தறியாத தமிழ்ப் பிள்ளையைக் கண்டு ஒரு மூதாட்டி கலங்குவது இயல்பே. தனிமையும் பொய்யன்று. பள்ளியும் நல்ல பள்ளி; நாம் படித்த பள்ளிதான். மறுபுறத்தில், ஒன்பது வயதுப் பெண்ணை ஆயிரம் கல்லுக்கு அப்பால் விட்டுவிட்டு எவ்வாறு இருப்பது என்று மனைவி கேட்பதற்கும் நம்மிடம் மறுமொழி இல்லை. ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளைகள் உறங்கிய பின் இரவுதோறும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மகள் உண்மையில் உறங்கினாளா என்பதை அவளே அறிவாள்.

இவ்வேளையில் கிப்ளிங்கின் வாழ்க்கையைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அவர் பேரரசின் புகழ் பாடியவர். அவர் கருத்துகள் பலவற்றோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவருடைய இளமை நம் வீட்டுப் பேச்சுக்கு மிக அணுக்கமாக இருந்தது. பம்பாயில் ஆயாக்களோடும் வேலையாட்களோடும் இந்தியில் பேசி வளர்ந்தவர் அவர். பெற்றோர் முன் போகும்போது "ஆங்கிலத்தில் பேசு" என்று நினைவூட்டி அனுப்புவார்களாம். விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழையும் பிள்ளைகளிடம் "தமிழில் பேசு" என்று நாம் சொல்வதில்லையா? தாய்நாட்டுக் கல்வியும் பழக்கமும் வேண்டும் என்று, 1871இல், ஆறு வயது நிரம்பும் முன்பே அவரையும் தங்கையையும் இங்கிலாந்தின் சௌத்சீ என்னும் ஊரில் அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தாரிடம் கட்டணத்துக்கு விட்டார்கள். ஏன் என்று பிள்ளைகளுக்கு விளக்காமலே பெற்றோர் இந்தியா திரும்பினர் என்று வரலாறு எழுதியவர்கள் குறிக்கின்றனர். அவ்வீட்டில் அவர் அடியும் அவமானமும் பட்டார். 1877இல் தாய் வந்து அழைத்துச் செல்லும் வரை அது நீடித்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய தன் வரலாற்றிலும் அந்தக் கசப்பு ஆறவில்லை. காட்டிலும் ஊரிலும் முழுமையாக ஒட்டாத ஒரு பிள்ளையை அவர் ஏன் படைத்தார் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

நம் தாயாரின் வீடு சௌத்சீ வீடு அன்று என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறோம். அங்கே அடியில்லை, வேளைக்கு வேளை சோறும், தாமிரபரணியில் குளியலும், மடியில் உறக்கமும் உண்டு. ஆகவே கிப்ளிங்கின் துன்பத்தைக் காட்டிப் பேத்தியை அனுப்ப மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அக்கதையில் ஒரு செய்தி இரு வீடுகளுக்கும் பொது. ஏன் என்று சொல்லாமல் அனுப்பப்பட்ட பிள்ளை, போய்ச் சேர்ந்த இடம் எத்தகையதாயினும், தான் என்ன குற்றம் செய்தோம் என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

இனிப் படங்களின் முடிவுக்கு வருவோம். அங்கேதான் இரண்டும் அறவே பிரிகின்றன. பழைய படத்தில், மின்னல் விழுந்து எரிந்த கிளையைப் புலியின் வாலில் கட்டி மோக்லி அதை ஓட்டுகிறான். பின்னர் ஆற்றங்கரையில் நீர் மொள்ள வந்த ஒரு சிறுமியைக் காண்கிறான். அவள் குடத்தை நழுவவிட, இவன் எடுத்துத் தலையில் சுமந்து, தோளைக் குலுக்கிவிட்டு ஊருக்குள் போய்விடுகிறான். கரடிக்கு வருத்தம், சிறுத்தையோ அவன் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தான் என்று ஆறுதல் கூறுகிறது. இனம் இனத்தோடு என்பதே அதன் தீர்ப்பு.

புதிய படத்தில், மோக்லி ஊரிலிருந்து தீப்பந்தத்தைத் திருடி வருகிறான். வழியெல்லாம் காடு பற்றி எரிகிறது. தன் கையிலிருப்பதைக் கண்டு எல்லா விலங்குகளும் அஞ்சுவதை அறிந்ததும் பந்தத்தை ஆற்றில் எறிந்துவிடுகிறான். அதன்பின் தன் அறிவையும் மரத்தையும் துணையாகக் கொண்டு புலியை வெல்கிறான். யானைகள் ஆற்றைத் திருப்பித் தீயை அணைக்கின்றன. கடைசியில் அவன் எங்கும் போகவில்லை. கரடியோடும் சிறுத்தையோடும் காட்டிலேயே இருக்கிறான். பிறந்த இனம் எதுவாயினும் வளர்ந்த இடமே வீடு என்பது இதன் தீர்ப்பு.

நம் போன்ற குடும்பங்கள் இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் வாழ்கின்றன. முதலாவதை ஏற்றால் நம் பிள்ளைகள் இங்கே விருந்தினர். இரண்டாவதை ஏற்றால் ஊரில் உள்ள தாயார் வெறும் நினைவு. இரண்டில் ஒன்றைக் கொள்ளென்றால் எதைக் கொள்வது?

நூலில் உள்ள முடிவு இவ்விரண்டிலும் வேறு. சிறு வயதில் மோக்லி ஊருக்குப் போகிறான். சூனியக்காரன் என்று ஊரார் கல்லால் அடித்துத் துரத்துகிறார்கள். காட்டுக்கே திரும்புகிறான். பதினேழு வயதை நெருங்கும்போது, யாரும் அனுப்பாமலே அவன் மனம் மனிதரை நாடுகிறது. அப்போது முதிர்ந்த கரடியும் பாம்பும் சிறுத்தையும் அவனைத் தடுக்கவில்லை. காடு அவனை வெளியேற்றவில்லை, அழைத்தால் என்றும் அவனுடையதே என்று சொல்லி வழியனுப்புகின்றன. பதின்ம வயதைக் கடக்கப் போகும் பிள்ளை தானே நடந்து போவதும், பத்து வயதுப் பிள்ளையைப் பிறர் கொண்டுபோய் விடுவதும் ஒன்றாகா. இரண்டு படங்களும் இந்தக் காலக் கணக்கை விட்டுவிட்டன என்பதே அவற்றைப் பற்றிய நம் குறை.

பார்சல் அலுவலகத்தில் நாம் நாள்தோறும் ஆரஞ்சுக் கூடைகளையும் இருசக்கர வண்டிகளையும் பதிவு செய்கிறோம். அனுப்புநர் பெயர், பெறுநர் பெயர், எடை, சேருமிடம் எல்லாம் எழுதுவோம். பொருளைக் கேட்டு எழுதும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை, தேவையும் இல்லை.

மறுநாள் மாலை மகளை அழைத்து, ஆச்சி கேட்டதையும் எங்கள் தயக்கத்தையும் ஒளிக்காமல் சொன்னோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் தமிழ் படிக்கப் போக வேண்டுமா, ஆச்சிக்குத் துணையாகப் போக வேண்டுமா?" என்று கேட்டாள். நாங்கள் நான்கு மாதமாக ஒன்றாகவே கட்டிவைத்துப் பேசியதை அவள் இரண்டாகப் பிரித்துவிட்டாள். "தமிழ் என்றால் இங்கேயே படிக்கிறேன். துணைக்கு என்றால் எல்லோருமே போகலாமே!"

எல்லோரும் போவது எளிதன்று. தெற்கு இரயில்வேக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். முறை வரும்போது வரும். சொந்த வேண்டுகோளின்பேரில் மண்டலம் மாறுவோர் பணிமூப்பு வரிசையில் கடைசிக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. அதற்கும் இசைந்தே கொடுத்திருக்கிறோம். இதையும் அவளிடம் சொன்னோம். அவளுடைய முதல் சொல்லை அவள் பிடித்துக்கொண்டாள்: தமிழ் இங்கேயே படிப்பாள்.

அன்றிரவு தாயாரிடம் சொன்னோம். மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை.

"அவளே சொன்னாளா?" என்று கேட்டார்.

"ஆமாம், அம்மா."

"கட்டிலுக்குப் புதுக்கயிறு கட்டி வைத்திருந்தேன்" என்றார். பிறகு, "தைக்குப் பிறகு நான் அங்கே வரட்டுமா? குளிர் மிகுதியோ?" என்றார்.

சிவனிக் காட்டின் ஓரமாக நாகபுரிக்கு வரும் அந்த 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலியைத் தொட்டுக் குமரிமுனை வரையில் செல்கிறது. பெஞ்ச் காட்டருகே அச்சாலையைத் தூண்கள்மேல் உயர்த்தி, அடியில் விலங்குகள் இருபுறமும் போய்வர வழி விட்டிருக்கிறார்கள். புலிகளும் மான்களும் அவ்வழியே கடந்து செல்வதை அங்கே வைத்த ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்துள்ளன.

இப்போது நம் மகள் ஞாயிறு காலையில் சங்கத்துத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். வாரம் ஒரு கடிதம் ஆச்சிக்கு எழுத வேண்டும் என்பது அவளே ஏற்றுக்கொண்ட நிபந்தனை. முதற் கடிதத்தில் ஆறு வரி. ரகரமும் றகரமும் இடம் மாறி இருந்தன. நாம் திருத்தப் போனபோது மனைவி தடுத்துவிட்டாள். தாயார் அதைப் பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டினாராம். ஆயினும் ஊரில் அந்தக் கட்டில் வெறுமையாகத்தான் கிடக்கிறது, அதை மறைப்பதற்கில்லை.

பிள்ளைகளுக்கு இப்படங்களைக் காட்ட விரும்பும் அன்பர்கள், ஏழு வயதுக்கு உட்பட்டவர்க்குப் பழையதை மட்டும் காட்டுக. மூத்தவர்க்கு இரண்டையும் காட்டலாம். பழையதை முதலிலும் புதியதைப் பின்னும் காட்டுவது நலம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு உடனே உணவுக்கு எழுந்துவிடாதீர்கள். மோக்லி எங்கே இருந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு விடைகள் வரும். அவற்றை நம் திங்களிதழுக்கு எழுதியனுப்பினால் நாமும் படித்து மகிழ்வோம்.